அப்பாவின் கால் படாத கார்பெட்

அண்ணனின் முதல் ஜெர்மன் காரில், டிரைவருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால், கால் வைக்கும் இடத்தில் ஒரு கார்பெட் கிடந்தது. பால் கூடிப்போன தேத்தண்ணியின் நிறம். ஓரத்தைச் சுற்றிக் கறுப்பு நூலில் தையல். அண்ணி அதில் எப்போதும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைப்பாள், அவ்வளவு மெத்தென்று இருக்கும். அந்தக் காரை அண்ணன் விற்றபோது வாங்க வந்தவர் கதவைத் திறந்து, குனிந்து, அந்த கார்பெட்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "என்ன ஐயா, இந்தப் பக்கம் ஆளே ஏறலையா?" என்று கேட்டார். பாராட்டாகத்தான் கேட்டார், பாவம். அண்ணன் தன் கடைக்குள் போய் ஏதோ சாமான் தேடுகிறவர்போல அலுமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டார். எனக்கோ அந்த மனிதரை அப்படியே தூக்கிக் கொண்டுபோய்க் கண்டி வாவியில் போட்டுவிட்டு வரலாமா என்றிருந்தது.

நாங்கள் தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர்கள். அப்பா மலையில் கான் வெட்டியவர். மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்கத் தேயிலைக்கு நடுவிலும் ரோட்டோரத்திலும் வெட்டும் வாய்க்கால்களைத்தான் எங்கள் பக்கம் கான் என்போம். அண்ணன் மீசை முளைக்கும் முன்பே கண்டிக்கு வந்து ஒரு மோட்டார் சாமான் கடையில் வேலைக்கு நின்றார். பிறகு அந்தக் கடையிலேயே பங்காளியானார், பிறகு தனிக்கடை போட்டார். என்னைப் படிக்க வைத்து டீச்சராக்கியதும் அவர்தான். கல்யாணம் ஆகும்வரை நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். அவரைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவர் மாதிரி நல்ல மனிதர் இல்லை என்பது. அடுத்ததாகச் சொல்வது, கார் விஷயத்தில் அவருக்குப் பைத்தியம் என்பது.

அந்தப் பைத்தியம் பிடித்த இடம் எங்கள் தோட்டத்து ரோட்டுத்தான். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்த ரோட்டில் வந்துபோன ஒரே கார் தோட்டத்தை நடத்திய துரையுடையது. ஜெர்மன் கார். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் ரோட்டில் போகிறவர்கள் ஓரமாக இறங்கி நிற்பார்கள். ஆண்கள் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். யாரும் அப்படி நிற்கச் சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. நாங்களும் பள்ளிக்கூடப் பையைக் கட்டிக்கொண்டு அப்படித்தான் நிற்போம். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார். கார் போன பிறகும் எத்தனையாவது கியரில் ஏறுகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அம்மா முதுகில் ஒன்று வைத்துத்தான் இழுத்துப் போவாள்.

ஆகவே கையில் கொஞ்சம் வசதி வந்ததும் அவர் என்ன வாங்கினார் என்று சொல்லத் தேவையில்லை. கொழும்பில் ஒரு டாக்டர் ஓட்டிக் கழித்த கார். இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதிந்த உடம்பு, முகத்தில் பக்கத்துக்கொன்றாக மூக்குத் துவாரம் மாதிரி இரண்டு கம்பி வலைகள். வீட்டில் அதற்கு மூக்கன் என்று பெயர் வைத்தோம். கண்டியில் தினசரி ஓட்ட அதைவிடப் பொருத்தமில்லாத வாகனத்தைத் தேடினாலும் கிடைக்காது. பேராதனை ரோட்டு நெரிசலில் நின்று நின்று ஊர்ந்தால் கோபம் வந்து கொதிக்கும். அம்பிட்டிய வீட்டுக்குத் திரும்பும் இடத்தில் இருந்த மதகு, தினமும் அதன் அடிவயிற்றை ஒரு தடவை உரசிப் பார்க்கும். பின் இருக்கை என்று சொல்லி வைத்திருந்த இடத்தில் நான் முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் தலாத்துஓயா வளைவுகளில் அதை விட்டால் அண்ணனின் முகம் மாறிவிடும், வயதே குறைந்துவிடும்.

கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் அண்ணனின் உயிர் நண்பர். மாலையில் கடை வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கார்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், உலகம் அழிந்தாலும் எழும்ப மாட்டார்கள். "மச்சான், இது வாகனம் சோக்கா ஈக்கி. ஆனா இதுல மரக்கறி வாங்கப் போவ ஏலா. பூசணிக்காய எங்க வெப்ப?" என்பார் நானா. "மடியில வெச்சிக்குவேன், ஒனக்கென்னா?" என்பார் அண்ணன். எந்த ஜெர்மன் காரின் ஸ்டியரிங் கைக்குச் சொன்னபடி கேட்கும், எது ஏற்றத்தில் மூச்சு வாங்கும், எதன் டயர் நம்மூர்க் குழிக்குத் தாங்கும், பிரேக் எதில் நம்பலாம் என்று இரண்டு பேரும் பெண் பார்த்துவிட்டு வந்தவர்கள்போல அலசுவார்கள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே கேட்டுக் கேட்டு எனக்கும் எல்லாம் பாடமாகிவிட்டது. காரோட்டத் தெரியாத டீச்சர்களில் கியர் விகிதம் பற்றித் தெரிந்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும்.

அண்ணன் அம்பிட்டியவில் வீடு கட்டி முடித்ததும் பால் காய்ச்ச அப்பாவை அழைத்து வரத் தீர்மானித்தார். பால் காய்ச்ச மட்டுமல்ல, இனி வீட்டோடு வைத்துக்கொள்ளத்தான். அம்மா போன பிறகு அப்பா லயத்தில் தனியாக இருந்தார். வயதாகிவிட்டது என்று தோட்டத்துப் பேரேட்டில் பேரை வெட்டி, வேலையும் நின்றுவிட்டிருந்தது. அப்பாவுக்கென்று கீழே ஓர் அறை கட்டி, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிற மாதிரி வைத்திருந்தார். கார் வாங்கியதை மட்டும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று எங்களிடம் சத்தியம் வாங்காத குறை. "திடீர்னு கொண்டு போய் நிப்பாட்டணும் புள்ள. ஏறுங்கப்பான்னு சொல்லணும்," என்றார். கடைசியில் அந்த ஆசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நாங்கள் போன காலையில் மழை. கண்ணாடியெல்லாம் ஆவி பிடித்து, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. நான் பின்னால் மடங்கி உட்கார்ந்திருந்தேன். தோட்டத்து ரோட்டுக்குள் திரும்பியதும் அண்ணன் உற்சாகம் தாங்காமல் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே போனார். இரண்டு தடவை. ஏன் இரண்டு தடவை என்று அவரிடம் கேட்டிருந்தால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது.

கோயில் வளைவைத் திரும்பியபோது அப்பா எதிரே வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் வருவோம் என்று நினைத்து, சந்தியில் எங்களைச் சந்திக்க முன்கூட்டியே கிளம்பி வந்திருக்கிறார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, கையில் ஒரு துணிப்பை, மழைக்குத் தலையில் கம்பளி. காரைக் கண்டதும் அவர் செய்தது எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் நடந்தது. கம்பளியைத் தலையிலிருந்து இழுத்தார். ரோட்டை விட்டு இறங்கினார். ஓரத்தில் நிற்க இடமில்லாததால் கானுக்குள்ளேயே இறங்கினார், கணுக்காலுக்கு மேல் சேற்றுத் தண்ணீர். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் வெறுந்தலையோடு, தரையைப் பார்த்து நின்றார். தன் கையால் வெட்டிய கானில், பெற்ற பிள்ளையின் காருக்கு ஒதுங்கி நின்றார்.

அண்ணன் காரை நிறுத்திவிட்டார். நிறுத்தியவர் உடனே இறங்கவில்லை. வைப்பர் இரண்டும் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தன. பின்னாலிருந்து எனக்கு அவர் காது மட்டும் தெரிந்தது, அது இரத்தமாகச் சிவந்திருந்தது. "அண்ணே, அப்பா நனையிறாரு," என்றேன். அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"அப்பா... நாந்தாம்பா."

அப்பா தலையை நிமிர்த்தினார். கொஞ்ச நேரம் விளங்காமல் பார்த்தார். பிறகு சிரித்தார். "அட நீயா தம்பி! தொரையாக்கும்னுல்ல நெனச்சேன்," என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இல்லாமல் அவர் கோபப்பட்டிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும். வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. கானிலிருந்து ஏற அண்ணன் கை கொடுத்தார். அப்பா அந்தக் கையைப் பிடிக்காமல் புல்லைப் பிடித்து ஏறினார்.

"ஏறுங்கப்பா," என்றார் அண்ணன். எத்தனை நாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தை! அது கெஞ்சுகிற மாதிரி வந்தது. அப்பா கதவருகே நின்று உள்ளே பார்த்தார். அந்த கார்பெட்டைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். "காலெல்லாம் சேறுப்பா. நீங்க போங்க, நான் பஸ்ல வாறேன்," என்றார். அண்ணன் கேட்பாரா? தோளைப் பிடித்து உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார். பள்ளத்தில் விழுந்த மாதிரி அவ்வளவு தாழ்ந்த இருக்கை. அதில் உட்கார்ந்த அப்பா, இரண்டு முழங்காலையும் கையால் கட்டிப் பிடித்து, பாதங்களைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டார். கார்பெட்டுக்கும் அவர் பாதத்துக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும். சேற்றுத் தண்ணீர் சொட்டிவிடாமல் கம்பளியின் நுனியைப் பாதத்துக்கு அடியில் பிடித்திருந்தார்.

"அப்பா, காலக் கீழ வைங்க," என்றேன்.

"பரவால்ல தாயி. இப்பிடியே சொகமாத்தான் இருக்கு."

கலஹா தாண்டினோம். அவர் கால் இறங்கவில்லை. பேராதனை வந்தது, சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள், ஆமிக்காரப் பையன் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து அண்ணனிடம் சிங்களத்தில் இன்ஜினைப் பற்றி ஆசையாக விசாரித்தான். அப்போதும் இறங்கவில்லை. வளைவுகளில் உடம்பு ஒரு பக்கம் சாயும்போது இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் காரை மாட்டு வண்டி மாதிரி ஓட்டினார். ஒரு தடவை "கார்பெட்டு கெடக்குதுப்பா, கழுவிக்கலாம்" என்றார். அப்பா "நல்லா இருக்குப்பா காரு" என்றார். வீட்டு வாசலில் இறங்கும்போது கால் மரத்துப்போய் அவரால் நிற்க முடியவில்லை. பால் காய்ச்ச வந்திருந்த சனமெல்லாம் பார்த்திருக்க, அண்ணன் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கிக்கொண்டுதான் போனார். கார்பெட்டில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

பால் பொங்கியது, அப்பாவும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். விருந்து முடிந்த மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் கிளம்பிவிட்டார். காரில் விடுகிறேன் என்றதற்கு "பஸ்தான்பா எனக்குச் சொகம்" என்றார். மலை தெரிகிற அறை பூட்டிக் கிடந்தது.

அதன் பிறகுதான் அண்ணன் கார் மாற்றத் தொடங்கினார். மூக்கனை விற்று வாங்கியது நாலு கதவுள்ள பெரிய ஜெர்மன் கார். இருக்கை உயரம், கதிரை மாதிரி நிமிர்ந்து உட்காரலாம். ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்து யோசித்து ஏறும். நானா அதைச் "சீமான் எரும" என்றார். அண்ணன் அதைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார், ஹாரன் அடிக்காமல், லயத்து வாசல்வரை. அப்பா பானட்டைத் தொட்டுப் பார்த்தார், பாராட்டினார், பஸ்ஸில் வருகிறேன் என்றார். அதையும் விற்றுவிட்டுச் சின்னதாகச் சதுரமாக ஒன்று வாங்கினார். பார்த்தால் பேக்கரி ரொட்டி, அதாவது எங்கள் பக்கத்துப் பாண் மாதிரி இருக்கும், பேரும் பாண்பெட்டி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது யாரோ கிளார்க் ஓட்டுகிற கார். உள்ளே இருந்த இன்ஜினோ மூக்கனுக்கே தண்ணி காட்டும். கலஹா ஏற்றத்தை மூன்றாவது கியரில் விழுங்கிவிட்டுப் போகும். பின்னால் பூசணிக்காய் என்ன, பூசணித் தோட்டமே வைக்கலாம். நானா எழுந்து நின்று கை கொடுத்தார். "இப்பத்தான் மச்சான் ஒனக்குப் புத்தி வந்திருக்கு. நாளாந்தம் ஓட்ட இதுதான் சரி!" மூன்று காரையும் பேச்சிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடை வாசலில் நடந்த பட்டிமன்றத்தில் அண்ணனும் சும்மா தலையாட்டிக்கொண்டிருந்தார். கதவு உயரம், இருக்கை உயரம், துரை கார் மாதிரி தெரியாத முகம். அவர் தேடியது இவற்றைத்தான் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் கானில் இறங்கி நின்ற அப்பாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

பாண்பெட்டியில் அவர் ஒரு காரியம் செய்தார். கார்பெட்டை எடுத்துவிட்டு, நாலு பக்கமும் லொறிக்குப் போடுகிற கறுப்பு ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டார். அதோடு தோட்டத்துக்குப் போனோம். அப்பா கதவைத் திறந்து குனிந்தார். ரப்பரைப் பார்த்துக்கொண்டே நின்றார். "எனக்காகவா தம்பி போட்ட?" என்றார். அண்ணன் மண்ணைப் பார்த்தார். "இவ்ளோ நல்ல காருக்கு இது என்னாத்துக்கு? கழட்டிப் போடு," என்று சொல்லிவிட்டு அப்பா கதவை மெதுவாகச் சாத்தினார். அன்று எங்களுக்குச் சோறு போட்டு, வழியனுப்பச் சந்திவரை காருக்கு முன்னால் நடந்தே வந்தார். அண்ணன் முதல் கியரில் அவர் முதுகுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டு வந்தார். மானம் போகிறது என்பார்களே, அது அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ரோட்டு நீளத்துக்குப் போனது.

அப்பா விழுந்துவிட்டார் என்று கடைக்குத் தகவல் வந்த காலையில் நானும் அண்ணனும் பாண்பெட்டியில் பறந்தோம். அதன் வேகம் என்ன என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கலஹாவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எதிரே தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி வந்தது. நோயில் விழுந்த வருத்தக்காரர்களையும் அதில்தான் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அண்ணன் குறுக்கே நிறுத்தி லொறியில் ஏறினார். அப்பா சாக்குகளை அடுக்கிய மெத்தையில் மல்லாந்து படுத்திருந்தார். முழு நினைவோடுதான் இருந்தார்.

"அப்பா, கார்ல போயிரலாம்பா. சுருக்கா போயிரலாம்."

"வேணாம் தம்பி. இங்க நல்லா காலை நீட்டிப் படுத்திருக்கேன். நீ பின்னால வா."

லொறி டிரைவர்கூட அண்ணனிடம் முன்னால் போய் ஆஸ்பத்திரியில் சொல்லி வைக்கச் சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. அத்தனை வேகமான காரைத் திருப்பி லொறிக்குப் பின்னால் விட்டார். முந்திப் போக இடம் கிடைத்த இடங்களிலும் முந்தவில்லை. லொறியின் பின்பலகைச் சட்டங்களுக்கு நடுவே அப்பாவின் இரண்டு பாதங்கள் தெரிந்தன. வெடித்து, மண்ணேறிக் கறுத்த பாதங்கள். நீட்டி, விரித்து, யாருக்கும் ஒதுங்காமல் சுகமாகக் கிடந்தன. கண்டிப் பெரியாஸ்பத்திரி வாசல்வரை அண்ணன் அவற்றையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அப்பா அந்த வாரமே போய்விட்டார்.

இதெல்லாம் பழங்கதை. அண்ணனுக்கு இப்போது சீனி வியாதி, ஒரு கால்விரலை எடுத்துவிட்டார்கள், கார் ஓட்டக் கூடாது. அவர் மகன், என் மருமகன், போன மாதம் ஒரு ஜெர்மன் கார் வாங்கினான். கரண்டில் ஓடுகிறது, சத்தமே இல்லை. அப்பன் புத்தி அப்படியே பிள்ளைக்கு. எந்தக் கார் தினசரி ஓட்டத்துக்குச் சரி என்று போனில் படம் காட்டிக் காட்டி என் உயிரை வாங்கிவிட்டுத்தான் தெரிவு செய்தான். அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போய் வருவோம் என்று அதில்தான் போனோம். மழை பெய்திருந்தது. புதைகுழிக்குப் பக்கத்தில் அண்ணன் சறுக்கி, செருப்பு முழுக்கச் சேறு. திரும்பி வந்து ஏறும்போது மருமகன் சிரித்துக்கொண்டே, "அப்பா, காலப் பாத்து. நேத்துத்தான் கழுவினேன்," என்றான். அவன் நல்ல பிள்ளை. மனதில் ஒன்றுமில்லாமல்தான் சொன்னான்.

நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். கார் நகர்ந்தது. முன்னால் எட்டிப் பார்த்தேன். அண்ணன் இரண்டு முழங்காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு கால்களைத் தூக்கி வைத்திருந்தார். கீழே கார்பெட், அதே தேத்தண்ணி நிறம்.

"அண்ணே, காலக் கீழ வைங்க," என்றேன்.

"பரவால்ல புள்ள. இப்பிடியே சொகமாத்..."

முடிக்கவில்லை. அப்பாவின் குரல் அது. அவருக்கும் கேட்டுவிட்டது. கோயில் வளைவு வந்தது, போனது. மருமகன் ஏதோ பேசிக்கொண்டே ஓட்டினான். அண்ணன் முதலில் இடது காலை இறக்கினார், பிறகு விரல் போன வலது காலை. இறக்கியதோடு விடாமல் நன்றாக அழுத்தி வைத்தார். சேறு கார்பெட்டில் பிதுங்கியது. "ஐயோ அப்பா!" என்றான் மருமகன். அண்ணன் அவன் பக்கம் திரும்பவேயில்லை, ரோட்டோரத்துக் கானையே பார்த்துக்கொண்டு வந்தார். நான்தான் கலஹாவிலிருந்து பேராதனைவரை அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவனும் காரை மாட்டு வண்டி மாதிரி ஓட்டத் தொடங்கிவிட்டான்.

காய்ந்த பிறகு தட்டினால் போய்விடும் என்று வீட்டில் சொன்னான். இன்னும் தட்டவில்லை. அண்ணன் ஏறும்போதெல்லாம் அந்தச் சேற்றுத் தடத்தின் மேலேயே காலை வைத்துக்கொள்கிறார். எனக்கு அதைப் பார்க்க இன்னும் கூசுகிறது. அந்தத் தடம் மூக்கனின் கார்பெட்டில் பதிந்திருக்க வேண்டியது.